கெஹிந்தே நடந்த தூரம்

மரத்தால் செய்த கெஹிந்தேவுக்கு முதல் பால்பல் விழுந்தது 2022ஆம் ஆண்டு மார்ச் பதினைந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்தில் இருந்து தோசை தின்றுகொண்டிருந்த அவளுடைய இரட்டை தாயிவோவுக்கும் அதே நேரத்தில் அதே பல் விழுந்தது. தாயிவோவின் பல்லில் கொஞ்சம் இரத்தம் இருந்தது. கெஹிந்தேயின் பல் அரிசி அளவில் ஒரு மரத்துண்டு, அதில் ஆற்று மணம் இருந்தது. தாய் அஜந்தா இரண்டையும் கழுவி ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டு, ரொக்ஸ்பரோவில் தான் பிள்ளை பார்க்கும் கார்டரிக்கு, அந்தப் பகல் காப்பகத்துக்கு, நேரமாகிவிட்டதென்று ஓடினாள். அந்த மாதம் பெற்றோல் லீற்றர் இரண்டு டொலரைத் தொட்டிருந்தபடியால் இங்கே கெபெக்கில் எங்கள் பியர்பொன்ட்ஸ் தமிழர் அதைப் பற்றித்தான் கூடக் கதைத்தார்கள். பொம்மைக்குப் பல் விழுந்த செய்தி கோயிலில் ஒரு ஞாயிறு அடிபட்டு அத்தோடு அடங்கிவிட்டது. ஐந்து வருடமாக வளர்ந்துவரும் பொம்மைக்கு ஆறே முக்கால் வயதில் பல் விழாமல் வேறென்ன விழும்?

அஜந்தாவின் தகப்பன் கிருபானந்தன் இருபத்தாறு வருடம் பிஸ்கற் தொழிற்சாலையில் நின்று ஓய்வுபெற்ற மனிதர். மகள் ஒரு நைஜீரியப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்றபோது ஒன்றரை வருடம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 2012 ஜனவரியில் அந்தப் பெடியன் வாசலுக்கே வந்தான். பெயர் ஒலுமிடே, இபாதான் நகரத்தவன், டோர்வால் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. பெரியவரைக் கண்டதும், தன் யொருபாச் சனத்தின் முறைப்படி, நெடுஞ்சாண்கிடையாகப் பனியில் விழுந்தான். எழும்பச் சொல்லும்வரை எழும்பவில்லை. கிருபானந்தன் பெற்ற பிள்ளைகள் மூன்றும் 'ஹாய் அப்பா' என்றபடி நேரே குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற வகை. தன் காலில் ஒருவர் விழுந்து கால் நூற்றாண்டு ஆகிறதென்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. "எழும்பு தம்பி, சளி பிடிக்கப்போகுது" என்றார். அந்த ஒரு சொல்லோடு கல்யாணம் முற்றாகிவிட்டது. ஐந்து வருடத்தில் ஒலுமிடே எங்கள் பிள்ளைகள் எல்லோரையும்விட நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தான், அதில் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

2015 ஜூனில் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். யொருபாக்காரருக்கு இரட்டை பிறந்தால் பெயர் தேடும் அலைச்சல் இல்லை. முதலில் வருவது தாயிவோ, பின்னால் வருவது கெஹிந்தே. ஆனால் பின்னால் வந்ததுதான் மூத்தது. "அதெப்பிடி? முதல் வந்தது தானே அக்கா?" என்று கிருபானந்தன் ஆஸ்பத்திரியிலேயே வாதத்துக்கு நின்றார். மூத்தது வயிற்றுக்குள் இருந்துகொண்டு, நீ முதல் போய் உலகம் நல்லதா என்று பார்த்துச் சொல்லு என்று தங்கையை அனுப்புமாம். தங்கை வெளியே வந்து சத்தம் போட்டு நல்லது என்று சொன்னபிறகுதான் மூத்தது இறங்குமாம். ஒலுமிடே இதை விளங்கப்படுத்தியதும் கிருபானந்தன் வாதத்தை விட்டார், மூத்த பேத்தி கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இரட்டைகளுக்குக் கௌபிப் பயறு பிடிக்கும் என்பது இன்னொரு முறை. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒலுமிடே பெரிய பானையில் கௌபியைச் சிவப்புப் பாம் எண்ணெயில் வேகவைத்து அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தான். ஹெயிட்டிப் பிள்ளைகளும் வந்தார்கள், கெபெக் பிள்ளைகளும் வந்தார்கள், எங்கள் பிள்ளைகள் கறித்தூள் கேட்டார்கள்.

2017 ஜனவரி ஒன்பதாம் திகதி கெஹிந்தே போனாள். மூளைக்காய்ச்சல், மூன்று நாள், ஒரு வயதும் ஏழு மாதமும். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எழுதவும் கை வரவில்லை. பெற்றவர்கள் தங்கள் பிள்ளையின் அடக்கத்தைப் பார்க்கக்கூடாது என்பது ஒலுமிடே வீட்டு முறை. அவன் மாமனாரின் கையைப் பிடித்து, "நீங்களே பாத்துச் செய்யுங்கோ மாமா, என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ" என்றான். புதைப்பார்கள் என்றுதான் அவன் நினைத்தான். எங்கள் ஊரிலும் பால்குடி மறவாத பிள்ளையைப் புதைப்பதுதான் வழக்கம், கிருபானந்தனின் தங்கை நல்லம்மா அதைச் சொல்லவும் சொன்னாள். ஆனால் வெளியே அன்றைக்கு பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை குளிர், மண் கல்லாக இறுகிக் கிடந்தது. "இந்த ஐஸ் மண்ணுக்குள்ளை என்ரை பிள்ளையை வைக்கமாட்டன், குளிரும்" என்றார் கிருபானந்தன். குளிருமே என்று எரித்தார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சாம்பல் கரைக்கிற அந்தியேட்டி தேவையில்லை என்று ஐயர் சொன்னபோதும் கேட்கவில்லை. தன் பேத்திக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று, முப்பத்தோராம் நாள், பக்கத்து வீட்டுக்காரர் ஐஸில் மீன்பிடிக்க வைத்திருந்த துளைகருவியை இரவல் வாங்கி, குவென் வீதிக் கரையில் உறைந்துகிடந்த ஆற்றில் துளை போட்டுச் சாம்பலைக் கரைத்தார். "போ பிள்ளை, திரும்பிப் பாராமல் போ" என்று சொல்லி அனுப்பினார். அஜந்தா கரையில் நின்றாள். ஒலுமிடே வேலைக்குப் போயிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு கிழமை கழித்து ஒலுமிடேயின் அக்கா ஃபொலாக்கே இபாதானிலிருந்து வந்து இறங்கினாள். அவளுடைய சூட்கேசுக்குள் துணி சுற்றிய ஒரு மரப்பாவை இருந்தது, ஒரு சாண் உயரம், பெரிய தலை, பெரிய கண். யொருபாக்காரர் நம்புகிறபடி இரட்டைகளுக்கு உயிர் ஒன்றுதான். ஒன்று போனால் மற்றது தேடிக்கொண்டு பின்னால் போய்விடும். அதைத் தடுக்க, போய்விட்ட பிள்ளைக்கு ஒரு மரவுடல் செதுக்கி, வீட்டோடு வைத்து, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுவார்கள். இரட்டை செத்துவிட்டது என்று வாயால் சொல்லவும் மாட்டார்கள், சந்தைக்குப் போயிருக்கிறது என்பார்கள். சந்தைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வருவார்கள் தானே. அஜந்தா இரண்டு நாள் அந்தப் பாவையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது யாரோ வளர்ந்த பெண்ணின் முகமாக இருந்தது, தன் பிள்ளையின் சாடை துளியும் இல்லை என்று அழுதாள். ஆனால் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் வாடிக்கிடந்த தாயிவோ அதன் பக்கத்தில் போய்க் குந்தி ஒரு கிண்ணம் கௌபியை முழுதாகத் தின்றுமுடித்தாள். அதோடு பாவை வீட்டில் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் விளக்குவைக்கிற நேரம் பாவையைக் காணவில்லை. எல்லா அறையும் தேடினார்கள். மறுநாள் காலை ஆறு பத்துக்கு அது பின்கதவடியில் நின்றது. உடம்பெல்லாம் ஈரம், தலையில் ஐஸ். பனியில் ஆற்றுப் பக்கமிருந்து விரற்கடை நீளப் பாதச்சுவடுகள் வரிசையாக வந்திருந்தன. ஒலுமிடே அவற்றைப் பிடித்துக்கொண்டு குவென் வீதிவரை போனான். தொள்ளாயிரத்து நாற்பது மீற்றர். "பிள்ளையை எங்கை புதைச்சனீங்கள்?" என்று ஃபொலாக்கே கேட்டாள், கிருபானந்தன் சொன்னார். ஒலுமிடே மாடிப்படியில் குந்தினான். யாரும் யாரையும் ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இரண்டு பக்கமும் செய்தது அன்பினால்தான், அதனால்தான் அவிழ்க்க வழியில்லாத முடிச்சாகிவிட்டது. பாட்டன் போ என்றார், மாமி வீட்டில் இரு என்றாள். கெஹிந்தே இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் சொல்லையும் தட்டாத பிள்ளை. பின்னேரம் போனாள், காலையில் வந்தாள். கிருபானந்தன் ஐயரிடம் ஓடினார். அனுப்பத்தான் மந்திரம் இருக்கிறது, திருப்பிக் கூப்பிட இல்லை என்றார் ஐயர். வைத்திருக்கத்தான் முறை இருக்கிறது, அனுப்ப இல்லை என்றாள் ஃபொலாக்கே. அவளும் ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு வந்த வருடங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு காலையும் ஒரே காலைதான். ஆறு பத்துக்கு அஜந்தா துவாயோடு பின்கதவைத் திறப்பாள். துடைத்து, சிவப்பு மரத்தூள் பூசி, தலைக்கு நீலம் தேய்ப்பாள். ஊரில் ஃபொலாக்கே சனம் பாவையின் தலைக்குப் போடுவதும் வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான் என்று தெரிந்தபோது கிருபானந்தன் தமிழ்க்கடையில் இருந்ததெல்லாம் வாங்கிவந்து குவித்தார். தாயிவோ வளர வளரக் கெஹிந்தேயும் வளர்ந்தாள், ஒரு உடுப்பு வாங்கினால் இரண்டு வாங்கினார்கள். ஒலுமிடே காலையில் இருவரையும் மடியில் வைத்து அவர்களுடைய புகழ்ப்பெயர்களைச் சொல்லுவான். யார் வழி வந்தவர்கள், எந்தக் குணத்துக்குப் பேர்போனவர்கள் என்று நீளுகிற பாட்டு அது. கேட்கக் கேட்கத் தாயிவோவின் முகம் மலரும், மரத்தின் முகமும் மலரும். பெரும் பனிப்புயல் அடித்த ஒரு நாள் கெஹிந்தே மத்தியானம்தான் வந்துசேர்ந்தாள். அவள் வரும்வரை தாயிவோவுக்குக் காய்ச்சல் நாற்பது பாகைக்கு ஏறிக் கிடந்தது, அவள் கதவடிக்கு வந்ததும் இறங்கியது. மூத்தவள் வராத நாள் இளையவளும் இருக்கமாட்டாள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பல் விழுந்த அதே வருடம் ஓகஸ்டில், நகரத்து யொருபாச் சங்கம் மரபு நாள் கொண்டாடியது. எல்லோரும் ஒரே துணியில் உடுத்துவது முறை என்பதால் பச்சைத் துணி வாங்கி, கிருபானந்தனுக்கு நீள அங்கியும் நல்லம்மாவுக்குச் சேலையுமாகத் தைத்துக்கொண்டு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போனோம். மேளகாரர் அக்குளில் இடுக்கிய மேளத்தை இறுக்கியும் இளக்கியும் அடித்து, சொல்லே இல்லாமல் கெஹிந்தேயின் பெயரைச் சொன்னார்கள். மண்டபமே திருப்பிச் சொன்னது. ஐந்து வருடமாக எங்கள் சனம் அந்தப் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லிவந்தது. அத்தனை பேர் உரத்துச் சொல்லக் கேட்டு அஜந்தா அழுதாள், அழுதுகொண்டே ஆடினாள். அந்தச் சந்தோஷத்தில்தான் சங்கச் செயலாளர் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டாள். இப்படியொரு பாவை இந்த நகரத்தில் வேறில்லை, பழுதாகாமல் காக்கவேண்டும், இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோரும் பார்க்க இருக்கட்டும் என்றாள் அந்தப் பெண். தொடக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, ஊட்டக்கூடாது என்று ஒரு அட்டையும் எழுதி வைத்தார்கள். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் கழுத்துமட்டும் ஆற்றுத் தண்ணீர். மூன்று சின்ன மீன் நீந்திக்கொண்டிருந்தன. கெஹிந்தேயின் இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் பதிந்திருந்தன. அஜந்தா கதிரையைத் தூக்கிக் கண்ணாடியை உடைத்தாள். "இது பாக்கிற சாமான் இல்லை, பசிக்கிற பிள்ளை" என்று கத்தினாள். செயலாளர் உடைந்த கண்ணாடிக்குள்ளேயே முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டாள். அன்றுமுதல் மாதத்தின் முதல் சனிக்கிழமை கௌபிக்கு அவளும் வருகிறாள், வெங்காயம் நன்றாக வெட்டுவாள்.

அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து துடைக்கும்போதுதான் அஜந்தா பாதங்களை உற்றுப் பார்த்தாள். விரல்கள் இல்லை. குதிக்கால் இரண்டும் தட்டையாகிவிட்டிருந்தன. தினமும் நீளப் பாவாடை உடுத்தியே பழகியதால் இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லை, அதற்காக அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். ஒலுமிடே கணக்குப் பார்த்தான். போக வர நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூற்று எண்பது மீற்றர், ஐந்தரை வருடம், மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்கு மேல். பிள்ளை கல்கரி தாண்டி நடந்துவிட்டாள். இப்படியே தேய்ந்தால் பத்து வயதில் முழங்கால்வரை போய்விடும், பிறகு வரமாட்டாள், பிறகு தாயிவோ. சப்பாத்துப் போட்டுவிட்டார்கள். கோயிலுக்குப் போனால் கழற்றுவதுபோலக் கரையில் சோடியாகக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கினாள், திரும்பும்போது வெறுங்காலோடு வந்தாள். காரில் ஏற்றினார்கள். கார் கரைக்குப் போனது, பிள்ளை இருக்கையில் இல்லை, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். தாயிவோ ஒரு காலை தேம்பித்தேம்பிச் சொன்னாள். "அம்மா, அக்காவுக்குக் கால் நோகுது. நான்தான் உலகம் நல்லது எண்டு சொன்னனான். நான் சொன்னபடியால்தான் அவ வந்தவ."

2023 மே மாதம் ஆறு பெருகியது. குவென் வீதியோரத்தில் மண்மூட்டை அடுக்கினார்கள், கொஞ்சப் பேர் வீடுவிட்டுப் போனார்கள். ஆற்றிலிருந்து ஒரு முழ அகலத்தில் ஒரு தண்ணீர்க்கோடு மட்டும் பிரிந்து, தெருக்களைக் கடந்து, மற்றவர்களின் கார்வழிகளைச் சுற்றிக்கொண்டு, தொள்ளாயிரத்து நாற்பது மீற்றர் வந்து அஜந்தா வீட்டுப் பின்கதவடியில் நின்றது. பதினொரு நாள் நின்றது. நகரசபை ஆள் வந்து பார்த்து, அளந்து, ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். அந்தப் பதினொரு நாளும் கெஹிந்தே நடக்கவில்லை. பின்னேரம் படியில் இருந்து தண்ணீருக்குள் கால் வைப்பாள், காலையில் தண்ணீர் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிடும். பாதம் ஒரு மயிரிழையும் தேயவில்லை. பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வற்றியது. புல்லில் சேறு மட்டும் மிஞ்சியது. அன்று காலை பிள்ளை மறுபடி நடந்துதான் வந்தாள்.

அன்றைக்கு அஜந்தா வேலைக்குப் போகவில்லை. புருசனை இருத்தி, ஆறு வருடமாக வாயைத் திறந்து சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "அண்டைக்கு ஆத்தங்கரையிலை அப்பா போ எண்டவர். நான் போயிட்டு வா எண்டனான். வாய்க்குள்ளைதான் சொன்னனான், ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டிட்டுது." கார்டரியில் விட்டுவிட்டு ஒவ்வொரு காலையும் பிள்ளைக்குச் சொன்ன சொல், பழக்கத்தில் வந்துவிட்டது. யாரும் போகும்போது வராதே என்று சொல்ல எங்கள் நாக்குக்குத் தெரியாது. ஒலுமிடே அவள் கையைத் தடவிக்கொடுத்தான். "அப்ப, இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப் பாப்பமா?" என்று மெல்லக் கேட்டான். "என்னாலை ஏலாது" என்றாள் அஜந்தா. "ஆறே இவ்வளவு தூரம் வருமெண்டால், பிள்ளைதான் நடக்கவேணும் எண்டில்லை. நான் போறன்."

அன்று பின்னேரம் விளக்கு வைத்ததும் கெஹிந்தேயைத் தாயிவோவின் பக்கத்தில் இருத்தி, "நீ இஞ்சை இரு பிள்ளை, அம்மா போயிட்டு வாறன்" என்று சொல்லி, செருப்பில்லாமல் பின்கதவால் இறங்கினாள். குவென் வீதியைக் கடந்து, கழுத்துமட்டும் தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டு, ஈரத்தோடு நடந்து வந்தாள். கெஹிந்தே இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் மரம் காய்ந்திருந்தது. பிழை தன்னுடையது, தான் போகிறேன் என்று கிருபானந்தன் ஒருநாள் அழுது அடம்பிடித்து மகளை மறித்துவிட்டுப் போனார். ஆற்றில் கழுத்துமட்டும் இறங்கியும் அவருக்கு ஒரு நூல் நனையவில்லை, உலர்ந்த வேட்டியோடு திரும்பிவந்தார். வரும் வழியில் பேத்தி எதிரே நடந்து போவதைக் கண்டார். ஒலுமிடேயும் போய்ப் பார்த்தான், அவனுக்கும் அப்படித்தான். வா என்று கூப்பிட்டவளைத் தவிர வேறொருவரையும் ஆறு எடுக்கவில்லை. ஆகவே அஜந்தாதான் போகிறாள், மாரியிலும் போகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கேளாமலே டிசம்பரிலிருந்து மார்ச்வரை தன் வாளால் ஐஸை ஆள் இறங்கும் அளவுக்கு அறுத்துவிடுகிறார். பஸ் சாரதிகள் அவள் கடக்கும்வரை நிறுத்துகிறார்கள்.

கெஹிந்தேயின் குதிக்கால் மெல்ல ஊறி வந்தது. அடுத்த வருடம் காலின் சின்னவிரலும், அதன் பக்கத்து விரலும் முளைத்தன. அஜந்தாவின் உயரம் குறைந்திருந்ததைப் பார்த்த டொக்டர் அளவுகோலைக் குறை சொன்னார், மறுமுறை இன்னும் குறைந்திருந்த அளவை அப்படியே எழுதிக்கொண்டார். 2025 ஜூனில் இரட்டைகளுக்குப் பத்து வயது. ஊதாத் துணியெடுத்து, மேளம் பிடித்து, நான்கு பானை கௌபி அவித்து, எங்கள் சனமும் ஒலுமிடே சனமும் அந்தச் சின்னப் பின்வளவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ஃபொலாக்கே ஊரிலிருந்து வந்து புகழ்ப்பெயர்களைப் பாடினாள், கிருபானந்தன் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் கூடவே பாடினார். படம் எடுக்க அஜந்தாவை நடுவில் விட்டு, ஒரு பக்கம் தாயிவோவும் மறுபக்கம் கெஹிந்தேயும் நின்றார்கள். நிலத்தில் வழிந்த சேலையை அஜந்தா இடுப்பில் இன்னொரு மடிப்பு உள்ளே செருகிக்கொண்டாள். "பாத்தீங்களே, பெட்டையள் தாயின்ரை தோளுக்கு வந்திட்டினம்" என்று நல்லம்மா பூரித்துப்போனாள். அதில் பாதி, பிள்ளைகள் வளர்ந்தது, மற்றப் பாதி, தாய் நடந்து தேய்ந்து இறங்கியது. அது எல்லோருக்கும் தெரியும், நாங்களும் ஓம் என்றுதான் சொன்னோம்.